காத்தாடி நின்ற காலை

வியாழக்கிழமை ஐலீன் வந்துவிடுவாள். அவளிடம் ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். அவள் மகள் ஷர்மைன் இந்தத் தமிழ்ப்பள்ளியிலேயே இருக்கட்டுமா, இல்லை பொந்தியானில் மலாய்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போகட்டுமா? வகுப்பாசிரியை சொல்வதே முடிவு என்று தலைமையாசிரியர் மதிவாணன் கையைக் கழுவிவிட்டார். வகுப்பாசிரியை பிரேமலா மனத்துக்குள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். போகட்டும்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பெக்கான் நானாஸைத் தாண்டிப் பெரிய சாலையை ஒட்டினாற்போல் இருக்கும் அந்த இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும். வெளியே அன்னாசி ஏற்றிய லோரிகள். தலைக்கு மேல் கடகடவென்று சுழலும் இரண்டு மின்காத்தாடிகள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரன் சாரின் மூன்றாம் ஆண்டு, ஊருக்கே வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் முப்பது சொச்சம் வாண்டுகள். நாற்காலியைத் தூக்கி வைக்கத் தெரியாத ஜென்மங்கள், இழுக்க மட்டும் தெரியும். சந்தைக்கடை தோற்றது போங்கள்! கத்திக் கத்தி வாரக் கடைசியில் பிரேமலாவின் தொண்டை கட்டிவிடும். வீட்டில் புருசனிடம் சைகையில்தான் சோறு போடவா என்று கேட்பாள்.

இந்த இரைச்சலுக்கு நடுவே ஷர்மைன். இரண்டு காதிலும் மெஷின், முதல் வரிசையில் இடம். "புரிஞ்சுதாம்மா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று தலையாட்டுவாள். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது வாயசைப்பாள். தனியாகச் சொல்லச் சொன்னால் தரையைப் பார்ப்பாள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்ப்பாள். கண்ணாடி போட்டால் கண் தெரிகிறது, மெஷின் போட்டால் காது கேட்கத்தானே வேண்டும்? கேட்டும் ஏறவில்லை என்றால் மந்தம்தான். பிரேமலா அப்படித்தான் நினைத்தாள். அந்தப் பள்ளியில் யார்தான் வேறு மாதிரி நினைத்தார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை ஏதோ லோரி மின்கம்பத்தில் மோதிவிட்டதாம். சாலையை மறித்துவிட்டார்கள், கரண்டும் போய்விட்டது. காத்தாடிகள் முனகிக்கொண்டே நின்றன. "அலமாக், வேர்க்குது டீச்சர்!" என்று பிள்ளைகள் சட்டையை உதறின. லோகேஸ்வரன் தன் பட்டாளத்தைத் திடலின் ஓரத்து மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பிரேமலாவுக்குப் பாடம் நடத்தத் தெம்பில்லை. பிள்ளைகளைத் தன்னைச் சுற்றித் தரையில் உட்காரவைத்து வாய்க்கு வந்த கதையைச் சொன்னாள். செம்பனைத் தோட்டத்தில் ஒரு குரங்கு கங்காணியான மண்டோரின் தொப்பியைத் திருடிப் போட்டுக்கொண்டு ஆட்களை வேலை வாங்கிய கதை. தொப்பி இல்லாத மண்டோர் அந்தக் குரங்கிடமே வந்து கைகட்டி லீவு கேட்ட இடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிரித்தது ஷர்மைன். மற்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது.

"டீச்சர், கொரங்கு லீவு குடுத்துச்சா இல்லையா?" என்று வேறு கேட்டாள். வருசம் பிறந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"கதை பூராவும் ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"அப்ப மத்த நாள்ல?"

ஷர்மைன் கொஞ்சம் யோசித்தாள். "மத்த நாள்ல காத்தாடி கேக்கும். அப்புறம் நாக்காலி. அப்புறம் அந்தப் பக்கத்து சார். நீங்க கடைசியாத்தான் டீச்சர், கொஞ்சூண்டு."

குறை சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிரேமலா தன்னையே திட்டிக்கொண்டாள். மந்தமாம், மந்தம்! இந்தப் பிள்ளையையா மூட்டை கட்டி அனுப்பப் பார்த்தோம்?

கரண்டு வந்ததும் வகுப்பே கைதட்டியது. காத்தாடிகள் கடகடக்கத் தொடங்கின. ஷர்மைனின் முகம் பழையபடி வெறுமையாகிவிட்டது.

பிரேமலா மத்தியானமே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். "சார், பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. அந்த வகுப்புதான் சரியில்ல. வேற எடம் குடுங்க."

"எங்கம்மா இருக்கு எடம்? புதுக் கட்டடம் கேட்டுக் கேட்டு எனக்கே பென்ஷன் வரப்போகுது." மதிவாணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "வகுப்ப மாத்த முடியாது டீச்சர். பிள்ளையத்தான் மாத்த முடியும்."

புதன்கிழமை பிரேமலா காத்தாடிகளை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் அன்று சாயங்காலம் செய்திகள் ஓயவில்லை. ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைங்கள வேக வைக்கணுமா? டீச்சர் வீட்டுல காத்தாடி போடுறதில்லையா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? லோகேஸ்வரன்கூட, "ஏன் டீச்சர், வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியவர்கள் வீட்டில் பேசியதைப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். "ஒன்னாலதான் லா" என்று பின்னாலிருந்து ஒருவன் ஷர்மைனைப் பார்த்துச் சொன்னது பிரேமலாவின் காதில் விழுந்தது. ஷர்மைனுக்கும்தான் விழுந்தது. காத்தாடி ஓடவில்லையே.

பாதிப் பாடத்தில் ஷர்மைன் எழுந்தாள். சுவரோரம் போய், எக்கி, இரண்டு சுவிட்சையும் தட்டிவிட்டாள்.

"பரவால்ல டீச்சர். எல்லாருக்கும் வேர்க்குது."

திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி ஒன்றும் கேட்காது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள். பிரேமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். எட்டு வயதில் இப்படி விட்டுக்கொடுக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாம்தான், வேறு யார்?

தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஷர்மைனின் மேசையருகே போட்டு உட்கார்ந்தாள். காலும் வலித்தது. உட்கார்ந்தபடியே சாதாரணக் குரலில் பாடத்தைத் தொடர்ந்தாள்.

"டீச்சர், எங்களுக்குக் கேக்கல!" என்று பின்வரிசை கத்தியது.

"கேக்காது. எனக்கு இனிமே கத்தத் தெம்பில்ல. கேக்கணும்னா கிட்ட வாங்க. நாக்காலியத் தூக்கிட்டு வரணும், இழுக்கக் கூடாது."

வந்தார்கள். இடித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒரு வழியாக அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமை அமைதி திரும்பவில்லை. தடுப்புக்கு அப்பால் ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதி வார்த்தை ஷர்மைனுக்குப் போயிருக்கும். காத்தாடி ஓடும்போது இதுவரை அந்தப் பாதியும் போனதில்லை.

வாசலில் மதிவாணனோடு ஐலீன் வந்து நின்றாள். சூப்பர்மார்க்கெட் சீருடையைக்கூட மாற்றவில்லை. புருசன் கிரகோரி விடியுமுன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் பாலம் தாண்டிவிடுகிறவன். தினமும் பொந்தியானுக்கு ஏற்றி இறக்குவதென்றால் இவள் வேலையை விட வேண்டியதுதான். தமிழும் பிள்ளைக்கு அதோடு முடிந்தது. தீர்ப்புக்கு நிற்பவள்போல் நின்றாள்.

"டீச்சர், என்ன சொல்றீங்க? கூட்டிட்டுப் போயிறவா?"

பிரேமலா எழுந்திருக்கவில்லை. "எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம் ஐலீன். இங்கயே இருக்கட்டும், எம்பக்கத்துல."

ஐலீன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஷர்மைன் திரும்பவில்லை. அம்மாவின் அழுகை அவளுக்குக் கேட்கவில்லை. டீச்சர் பாதியில் விட்ட வாக்கியத்துக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.