மூன்றாவது ஹாரன்

நாடகம் தொடங்கி இருபது நிமிடமாகியும் ஒரு பயல் சிரிக்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் கணக்கப்பிள்ளை. ஆயுத பூஜைக்கு எப்போதும் பாட்டுக் கச்சேரிதான். தொண்ணூற்றெட்டில் நான்தான் முதலாளி வேணுகோபாலிடம் போய் வம்பை விலைக்கு வாங்கினேன். "கிரேக்க நாடகம் அண்ணாச்சி. ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முந்துனது. விழுந்து விழுந்து சிரிப்பிய."

"அம்புட்டுப் பழசுன்னா வில்லங்கம் இருக்காதுல்லா," என்று சம்மதித்தார். "ஆனா ஒருத்தனும் சிரிக்கலன்னா அடுத்த வருசம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, பாத்துக்க."

மூன்று மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். சண்டை போட்டே நாட்டைக் கெடுக்கும் ஆண்களை வழிக்குக் கொண்டுவர, பெண்கள் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும் கதை. தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கட்டை அடுக்குகிற பெண்கள் பன்னிரண்டு பேர் நடித்தார்கள். தலைவி, எப்போதும்வென்றான் ஊர்க்காரி முத்துசெல்வி.

"எவன் கூப்பிட்டாலும் கோட்டையை விட்டு இறங்க மாட்டோம்!" என்று எல்லோரும் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள். முன் வரிசையில் முதலாளி கொட்டாவி விட்டார்.

மணி ஆறு. வாசலில், பெண்களை வேலைக்கு ஏற்றிவந்து ஊரில் கொண்டுவிடும் ஆபீஸ் வேனின் டிரைவர் சோலைராஜ் பழக்கதோஷத்தில் ஹாரனை அடித்தான். தினமும் மூன்று தடவை அடிப்பான். மூன்றாவதற்குள் ஏறாதவளை விட்டுவிட்டுப் போய்விடுவான்.

முதல் ஹாரனுக்கே கோட்டை காலி. பதினோரு பேரும் மேடையிலிருந்து குதித்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலாளிக்குப் புரையேறிவிட்டது. என் மூன்று மாத உழைப்பு நாசமாய்ப் போனது என்று எனக்கு அழுகையே வந்தது.

முத்துசெல்வி மட்டும் மேடையில் நின்றாள்.

"ஏட்டி! இப்பதான சத்தியம் பண்ணுனிய? நடிப்புக்குக்கூட நம்மால உக்கார முடியாதா?"

கூட்டம் இன்னும் சிரித்தது. ஓடினவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள்.

"சோலைராஜ் அண்ணாச்சி, இப்ப அடிங்க பாப்போம்," என்றாள் வாசலைப் பார்த்து.

இரண்டாவது ஹாரன். ஒருத்தியும் அசையவில்லை. சோலைராஜ் விளையாட்டாக மூன்றாவதையும் நீட்டி அடித்தான். அப்படியே இருந்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. நான் எழுதாத காட்சி அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது.

முதலாளி என் பக்கம் சாய்ந்தார். "ஏலே யோகராஜ், இது நெசமாவே பழைய நாடகந்தானா?"

"ரெண்டாயிரத்து நானூறு வருசம், அண்ணாச்சி."

மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "திங்கக்கிழமை வேனுக்கு வருவாளுவல்லா?"