ஒட்டுக்குக் கீழே

சலூன்காரருக்கு ரோஜாச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். முப்பது வருஷம் கத்தரி பிடித்த கை. முடியானால் என்ன, செடியானால் என்ன, வெட்டினால் வளரும், இதில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது என்பார். மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். மகள் போன பிறகு அந்த வாயும் அடங்கிவிட்டது. மொட்டை மாடியில் இருக்கும் அந்த ஒற்றைத் தொட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பழைய சவடால் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

மகள் ஒரு நர்சரியில் வேலை பார்த்தவள். ஒரு ரோஜாவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து இன்னொன்றில் தடவி, காய்த்த விதையை முளைக்கவைத்து, மூன்று வருஷம் படாத பாடு பட்டு, யாரிடமும் இல்லாத ஒரு புது ரோஜாவை உண்டாக்கினாள். நர்சரியில் அது ஒரே ஒரு பூ பூத்தது. அன்றைக்கே அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். அப்பாவையும்தான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கடையில் நிற்க இடமில்லை. அடுத்த பூவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

பிறகு அந்தச் செடியிலிருந்து ஒரு கணுவை வெட்டி, காட்டு ரோஜா ஒன்றின் தண்டில் ஒட்டுக்கட்டி, தொட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டே மாதம். அதே ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதிவிட்டது. பூவைப் படம் எடுத்த போனும் அவளோடு நசுங்கிப்போயிற்று. நர்சரியில் இருந்த தாய்ச்செடி அந்த வருஷ மழையில் வேர் அழுகிச் செத்தது. ஆக, அந்தப் பூவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது மாடித் தொட்டி ஒன்றுதான். பெற்ற மகள் செய்த பூவை அவர் பார்த்ததில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார். டீத்தூள் சக்கையை அலசிக் காயவைத்துப் போட்டார். கடையைத் திறக்குமுன் ஒருதரம், அடைத்த பிறகு ஒருதரம் மாடி ஏறி இறங்கினார். செடியோ கண்டுகொள்வதாக இல்லை. ஒட்டுக்கட்டின இடத்துக்கு மேலே இருந்த இரண்டு கிளைகளும் குச்சியாய் மெலிந்து, இலை பழுத்து உதிர்ந்தன. அந்த நேரம் பார்த்துக் கட்டுக்குக் கீழேயிருந்து தடித்தடியாக நான்கு துளிர்கள் கிளம்பின. விரல் பருமன், மினுமினுப்பான இலை. அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

நோஞ்சான் கிளைகள் சத்தை உறிஞ்சுகின்றன, அதனால்தான் நல்ல துளிர் ஓங்கவில்லை என்று கணக்குப் போட்டார். கடையிலிருந்து நல்ல கத்தரியாக எடுத்துவந்தார்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. “அவ வச்சதுங்க, கை வைக்காதீங்க” என்றாள்.

கத்தரிக்கோல் விஷயத்தில் எனக்கே பாடமா என்று கேட்டு, இரண்டு கிளைகளையும் ஒட்டோடு ஒட்டாக வெட்டினார். வெட்டிய குச்சிகள் மறுநாள் காலை குப்பை வண்டியில் போயின.

செடி மளமளவென்று வளர்ந்தது. ஆள் உயரம் தாண்டி, கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்தது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார், என் மகள் செடி இத்தனை அடி என்று. ஐந்தாவது மாதம் மொட்டு வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக்கொத்தாக. விரிந்த அன்று காலை அவர் மாடியிலிருந்து கூப்பிட்ட குரலில் மனைவி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள்.

வெள்ளைப் பூ, ஐந்தே இதழ், பொத்தான் அளவு. இப்படி எளிமையாய் ஒன்றைச் செய்ய என் மகளுக்குத்தான் தோன்றும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு கொத்தாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது அவ பூ இல்லைங்க. அதுல இதழ் அடுக்கடுக்கா இருந்துச்சு. வெள்ளையே கிடையாது.”

அன்று கடை திறக்கவில்லை. ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். மகளின் பூ பூத்தபோது ஊரில் இல்லாத முதலாளி இந்தப் பூவை வாங்கிப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்.

“ஒட்டுக்கு மேல இருந்தது மட்டும்தாங்க உங்க பொண்ணோடது. கீழயிருந்து வர்றது வெறும் காட்டு ரோஜா. அதை முளைக்க முளைக்கக் கிள்ளி எறியணும். விட்டா மேல இருக்கிறதைப் பட்டினி போட்டுக் கொன்னுரும்.”

வெட்டிய அன்றே அந்தக் குச்சிகளைக் கொண்டுவந்திருந்தால் ஒரு கணுவாவது பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று மகள் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் அவள் தெரிந்தாள். அப்பா, ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா உடனே எடுத்துருங்க, அம்மாகிட்டயும் சொல்லிருங்க என்றாள். அவர் திரும்பாமலேயே ம் என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. காதில் போட்டுக்கொண்டிருந்தால் அல்லவா சொல்வதற்கு. அவளாக அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வேலை அது ஒன்றுதான். நடுத்தெருவில் நின்று தன் கையைப் பார்த்தார். அதை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடியில் மகள் தெரிந்ததையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

அவர் அவளுக்கு ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தார்.

“நீயாவது பார்த்தியே. எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. என்ன நிறம்?”

“ஓரமெல்லாம் சிவப்பா...” என்று ஆரம்பித்தாள். “இல்ல, சிவப்பில்ல. உள்ள ஒரு மாதிரி...” கையை விரித்தாள், குவித்தாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டாள்.

“உள்ள?” என்றார்.

“ரெண்டு மூணு மாசமாவே சரியா ஞாபகம் வர மாட்டேங்குதுங்க” என்றாள். “பூத்தா பார்த்துக்கலாம்னுதான் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்.”