ஒரே நாடா, இரண்டு வாய்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, பஞ்சாலைகளின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை. நீராவி எஞ்சின், விசைத்தறி, வேலைநேரச் சட்டம் என்று இரண்டு பக்கம் ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு சந்தேகம். நாடாவில் நூல் தீர்ந்தால் புது நூலை எப்படிக் கோர்ப்பார்கள்? (நாடா என்பது தறியில் இங்கும் அங்கும் ஓடிக் குறுக்கு நூலைப் போடும் மரத்துண்டு.) மில்லில் தறி ஓட்டிய அம்மாவிடமே கேட்டேன்.

"வாயாலதான். துளையில உதட்ட வச்சு ஒரே உறிஞ்சு, நூல் வந்துரும்" என்றாள். பிறகு, "உங்க அத்தையும் அப்படித்தான்" என்று எழுந்துபோனாள். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கூடத்தில் ஆயிரம் தறிகள்..." (அடித்துவிட்டேன். எண்ணிப் பார்த்தவன் மாதிரி என்ன அளப்பு!)

இரண்டாவது: "அண்ணியும் நாத்தனாரும் ஒரே தறியில் நின்றார்கள், காலை ஷிப்ட் ஒருத்தி, மாலை ஷிப்ட் ஒருத்தி." இது தேவலை. அத்தை, அப்பாவின் தங்கை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கொடிக்கயிறு. காய்ந்த துணிமேல் ஈரப் போர்வையைப் போட்டது யார் என்று மூண்ட சண்டை. ஊருக்கெல்லாம் துணி நெய்தவர்கள் ஒரு போர்வைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் வாய் வைத்தது ஒரே நாடாவில்தான்.

3

அம்மாவுக்கு இருமல் வந்தது. காசநோய் என்றார் டாக்டர். நாடாவில் வாய் வைக்காதே, அடுத்த ஷிப்டுக்காரியிடமும் சொல்லிவிடு என்றார். அம்மா கம்பிக் கொக்கியால் நூலை இழுத்துப் பார்த்தாள். நேரமாகிறது என்று மேஸ்திரி கத்த, மறுபடி வாயால்தான்.

தறி இரைச்சலில் யார் குரலும் கேட்காது. எல்லோரும் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். குரல்கூட வேண்டாம், உதட்டை அசைத்தாலே போதும்.

"அவளே மொதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன்டா" என்கிறாள் அம்மா இப்போது.

(இந்த இடத்தில் இவளை எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவேதான் எழுதச் சொன்னாள்.)

மருந்தில் அம்மா பிழைத்துக்கொண்டாள். அத்தை தன் இருமலை யாரிடமும் சொல்லாமல் முற்றவிட்டாள். போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: அம்மா உதட்டை அசைக்கிறாள், "வாய வைக்காத, எனக்கு..." (படித்துக் காட்டினேன். "நான் சொல்லலியே" என்றாள்.)

முடிவு இரண்டு: அத்தைக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று யாருக்குத் தெரியும்? கூடம் முழுக்க இருமல்தான். (உண்மையும்கூட. "அது உன் கட்டுரைக்கு ஆகும். எனக்கு ஆகாது" என்றாள்.)

"வேற என்னம்மா வேணும்?"

"கதை முழுக்க நான்தான் பேசுறேன். அவ ஒரு வார்த்தை பேசல. அவளுக்கு விஷயம் தெரிஞ்சுருச்சுன்னு வை. வந்து என்னத் திட்டுற மாதிரி எழுது."

எழுதிப் பார்த்தேன். "ஏன் அண்ணி, ஒரு வார்த்தை" (இவ்வளவு சாந்தமாகவா?) "நீயெல்லாம் ஒரு" (இது நான் திட்டுவது.) அத்தை போனபோது நான் பிறக்கவே இல்லை. அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு என்ன தெரியும்?

5

உங்கள் வீட்டில் ஒரு நாத்தனார் இருப்பாள், அல்லது நீங்களே யாருக்காவது நாத்தனாராக இருப்பீர்கள். அத்தையின் திட்டை எழுத உங்களால் முடியும். தயவு பார்க்காதீர்கள், வயதானவள் என்று இரக்கப்படாதீர்கள். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்பதற்கு.

"அண்ணி,