ஏகநாதன் போட்டுக் கொடுத்த கணக்கு

ஏகநாதன் முதல் அறையை வாங்கியபோது மணி இரண்டே கால். அறைந்தவன் பூவராகன். வலை இழுத்துக் காய்த்த கை. நாற்காலியோடு சரிந்த ஏகநாதனின் மண்டை மேசை விளிம்பில் மோதியது.

அங்காளம்மா புருஷனைத் தடுக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏகநாதனின் வெளிநாட்டுப் படிப்புக் கன்சல்டன்சிக்கு அவள் மீன் மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கையில் செதில் காய்ந்திருந்தது. காலடியில் ஐஸ் தண்ணீரும் விற்காத நாலு சங்கரா மீனும் கிடந்த வாளி. பக்கத்தில் மகள் நிஷா, ஒதுக்கீட்டு ஆணையை நெஞ்சோடு அணைத்தபடி.

ஐந்து நாளைக்கு முன்னால் இதே மேசையில்தான் ஏகநாதன் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினார். நிஷாவுக்குக் கலந்தாய்வில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணப் பட்டியலில் வருஷத்துக்கு நாலரை லட்சம் என்று அச்சாகியிருந்ததைப் பார்த்த பூவராகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யோசனை கேட்கத்தான் இங்கே வந்தார்கள்.

"இங்க படிச்சா ஹாஸ்டலோட முப்பது லட்சம். நிகர்நிலைன்னா ஒரு கோடிக்கு மேல, அது நமக்கு வேணாம். கிர்கிஸ்தான் பாருங்க அக்கா, ஆறு வருஷத்துக்கும் சேர்த்து, சோறு உட்பட இருபத்திரண்டு" என்று அவர் சொன்னபோது, அங்காளம்மாவுக்கு அந்த மனுஷன் மேல் மரியாதையே வந்தது. விசா வேலைக்கென்று அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். பூவராகன் படகை விற்க ஆள் பார்த்தான்.

இன்று காலையில் பள்ளித் தலைமையாசிரியை ரோஸி, எந்த ஹாஸ்டல் என்று விசாரிக்க போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தினார். "ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு. ஏழரை பர்சென்ட் ஒதுக்கீட்டுல கிடைச்ச சீட்டு. அந்த ஃபீஸை கவர்மென்ட் கட்டும், நீங்க இல்ல! எந்த ஏஜென்டுக்கும் இது தெரியாம இருக்காதேம்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அசலோட போய்ச் சேரலன்னா சீட்டு போச்சு."

வந்து சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டதற்கு ஏகநாதன் சிரித்தார். "கேன்சலேஷன் ஒரு லட்சம். வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க." அதற்குத்தான் அந்த அறை.

உள்ளறையிலிருந்து விக்கி ஓடி வந்தான். ஏகநாதனுக்கு வசூல் வேலை பார்க்கிறவன். கையிலிருந்த ஹெல்மெட்டைச் சுழற்றிப் பூவராகனின் வாயில் இறக்கினான். ஒரு பல் தெறித்து மேசை மேல் விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஹெல்மெட் மேலே போனபோது, அங்காளம்மா இடுப்புத் துணியில் சுற்றியிருந்த மீன்கத்தியை உருவி அவன் முன்கையில் இழுத்தாள். வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறுகிற அதே இழுப்பு. விக்கி கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டான்.

"பீரோ சாவி எங்க கீது?"

"அக்கா, நிதானமா பேசலாம்..."

அவள் ஏகநாதனின் இடது கையை மேசையில் அழுத்தி, விரல்களுக்கு நடுவே கத்தியைக் குத்தினாள். சுண்டுவிரலோரம் தோல் பிளந்தது. "அடுத்தது தப்பாது."

சாவி சட்டைப்பையிலிருந்து வந்தது. நிஷா பீரோவைத் திறந்து தன் கவரைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தாள்.

"போங்க, போங்க" என்றார் ஏகநாதன், விரலைச் சட்டையில் சுற்றிக்கொண்டே. "நீங்க படி இறங்கறதுக்குள்ள ஸ்டேஷனுக்கு போன் போகும். வண்டலூர்லயே மடக்கிடுவாங்க. அப்புறம் எங்க போய் சேருவா உங்க பொண்ணு?"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அங்காளம்மா ஏகநாதன், விக்கி இரண்டு பேரின் செல்போனையும் பிடுங்கி மீன் வாளிக்குள் போட்டாள்.

"யோவ், நீ புள்ளைய இட்டுகினு போ. அங்க கையெழுத்து போட அப்பன் வேணும். வாயக் கழுவிக்க."

"நீ?"

"நான் இங்க குந்தினு கீறேன்."

"ம்மா..." என்றாள் நிஷா.

"நேரம் ஆவுது, கெளம்பு!"

அவர்கள் போனதும் அங்காளம்மா கதவை உள்ளே தாழிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கத்தி மடியில். விக்கி எழ முயன்றான். வாளியால் அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். தண்ணீரும் மீனும் போன்களும் தரையெல்லாம் சிதறின. பிறகு முந்தானையைக் கிழித்து அவன் பக்கம் எறிந்தாள். "இறுக்கிக் கட்டு. செத்துத் தொலையாத."

கீழே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் ஓயவில்லை. மூன்றரை. நாலு. ஒரு முறை யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். ஏகநாதன் மூச்சு விடவில்லை. தட்டியவர் போய்விட்டார்.

"கொலை முயற்சின்னு எழுதுவாங்க தெரியுமா? ஏழு வருஷம் உள்ள இருக்கணும்" என்றார் அவர்.

"டாக்டருக்குப் படிக்க எத்தினி வருஷம்?"

"அஞ்சரை."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "ஒன்ற வருஷந்தான கூட."

நாலு ஐம்பதுக்கு அவள் போன் அடித்தது.

"சேந்துட்டேன் ம்மா. ரசீது குடுத்துட்டாங்க. அப்பா வாயப் பாத்து இன்னான்னு கேட்டாங்க. வழுக்கி வுழுந்தாருன்னு சொன்னேன்" என்றாள் நிஷா. "நீ வந்துடு ம்மா."

"சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

எழுந்து கத்தியை மேசை மேல் வைத்தாள். தரையில் நனைந்து கிடந்த ஏகநாதனின் போனைக் காலால் தள்ளிப் பார்த்தாள். உயிரில்லை. தன் போனைப் புடவையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"உன்து பூட்சி. இதுல கூப்புடு ஸ்டேஷன."