கைக்குட்டையும் கூடாரமும்

என் வீட்டுக்காரர் ஒரு பார்சலைப் பிரித்து, பாராசூட் மடிக்கும் கூடத்தின் தரையில் விரித்துப் போட்டதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. புதுப் பாராசூட்டாம். எங்கள் வீட்டுக் கட்டில் விரிப்புகளை நாலைந்து சேர்த்துத் தைத்தால் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

"இது என்ன, கைக்குட்டையா?" என்றேன்.

"சின்னதா இருந்தாத்தாம்மா வேகமா போகும். நீ என் முதுகுப்பையில மாட்டிக் குடு, போதும்."

மாட்டிக் கொடுப்பது என் வேலைதான். இந்தக் குதிக்கும் மைதானத்துக்கு நான்தான் ரிக்கர். கிழிந்த பாராசூட்டைத் தைப்பேன், தேய்ந்த கயிற்றை மாற்றுவேன், ஆபத்துக்கென்று ஒவ்வொருவர் முதுகிலும் இருக்கும் இரண்டாவது பாராசூட்டை மடித்து முத்திரை வைப்பேன். என் முத்திரை இல்லாமல் இங்கே ஒருவரும் விமானம் ஏற முடியாது. வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்றாலும் இங்கே உண்டு.

"மாட்ட மாட்டேன்."

"ஏன்?"

"ஏனா? போன வாரம் தரைகிட்ட வந்து ஒரு பக்கப் பிடிய இழுத்துத் திரும்புனீங்களே, முழங்கால் சிராய்ப்பு ஆறிடுச்சா?"

பாராசூட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு பிடிகள். ஒன்றை மட்டும் இழுத்தால் திரும்பும், ஆனால் திரும்பும்போதே குப்புறப் பாயும். உயரத்தில் அது விளையாட்டு. தரைக்குப் பக்கத்தில் என்றால் திரும்பி முடிப்பதற்குள் தரை வந்துவிடும். சின்னப் பாராசூட் இன்னும் மோசமாகப் பாயும். புதிதாகக் குதிப்பவர்கள் பாராசூட் விரியுமா விரியாதா என்று பயந்து சாகிறார்கள். அனுபவசாலிகள் எலும்பை முறித்துக்கொள்வதோ பெரும்பாலும் அழகாக விரிந்த பாராசூட்டில்தான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் வீட்டுக்காரர்.

என்னுடையது பெரியது. அதற்கு அவர் வைத்த பெயர் கூடாரம். எப்போதும் அவர்தான் முதலில் இறங்குவார். துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "கூடாரம் இன்னும் வந்து சேரலையா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஒருநாளாவது அண்ணாந்து பார்த்ததில்லை. நானோ மேலே தொங்கிக்கொண்டு அவர் தரையை நெருங்குவதைப் பார்ப்பேன். கத்தினால்கூடக் கேட்காது. அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன்.

பஞ்சாயத்துக்கு வந்தது என் கொழுந்தன். அவன்தான் விமானம் ஓட்டுகிறவன்.

"அண்ணி, முடியாதுன்னு ஒரேயடியா சொல்லாதீங்க. அண்ணனுக்கு ஒரு பரீட்சை வைங்க."

வைத்தேன். இப்போது இருக்கிற பாராசூட்டிலேயே, தரைக்குப் பக்கத்தில் தட்டையாகத் திரும்பிக் காட்ட வேண்டும். அதாவது, முதலில் இரண்டு பிடிகளையும் பாதி இழுத்து வேகத்தைக் குறைத்து, பிறகு ஒன்றை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுப்பது. அப்படிச் செய்தால் பாயாமல் திரும்பும்.

"நீயும் செஞ்சு காட்டு," என்றார் அவர். "ரெண்டு பேரும் செஞ்சுட்டா, மறுபேச்சு பேசாம கைக்குட்டைய மாட்டித் தரணும்."

"சரி," என்று சொல்லித் தொலைத்தேன். ரோஷம்தான், வேறென்ன!

இருவரும் உயரத்தில் பல தடவை பழகினோம். சனிக்கிழமை அவர் தரைக்குப் பக்கத்தில் செய்து காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் முயன்று பார்த்தேன், திரும்பி முடித்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். "அண்ணி, சீட் நல்லா இருக்கா?" என்று, எனக்கு முன்பே விமானத்தை இறக்கிவிட்டிருந்த கொழுந்தன் கத்த, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

"உக்காந்தா செல்லாது. நாளைக்கு மறுபடி," என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் அவர் குதிக்கவில்லை. நீதிபதி போலக் கையைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார். விமானம் ஏறும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நான் எதற்காக ஜெயிக்க வேண்டும்? இன்றைக்கும் தொப்பென்று உட்கார்ந்தால் கைக்குட்டை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டுமே. அவர் எலும்பு முழுசாக இருக்கும்.

தோற்பதென்று முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. குதிக்கும் முன் ஒருவர் முதுகை ஒருவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். என் முதுகைப் பார்த்த பல் டாக்டர், "எல்லாம் பக்கா, அக்கா," என்றார். எங்களுடன் பல வருடமாகக் குதிக்கிறவர். குதித்தோம். கூடாரம் மெதுவாக, மரியாதையாக விரிந்தது. என்ன சுகம்! எத்தனை தடவை தொங்கினாலும் எனக்கு அது அலுக்காது.

தரைக்கு இன்னும் நாலு மாடி உயரம் இருக்கும். வலது பக்கத்திலிருந்து பல் டாக்டர் நேராக என் குறுக்கே வந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பிடியைச் சுண்டி இழு என்று கை துடித்தது. இழுத்திருந்தால் அவரிடமிருந்து தப்பித்துத் தரையில் மோதியிருப்பேன். ஆனால் பழகிய கை இரண்டையும் பாதிக்குக் கொண்டுவந்தது. பிறகு இடதை இன்னும் கொஞ்சம். கூடாரம் எருமை மாதிரி நிதானமாகத் திரும்பியது. டாக்டருடைய ஷூவின் அடியில் ஒட்டியிருந்த சேறு என் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் இரண்டையும் முழுசாக இழுத்துக் காலூன்றி நின்றேன்.

"ஏன் டாக்டர், என் பல்லு மொத்தத்தையும் ஒரே நாள்ல பிடுங்கிடலாம்னு பாத்தீங்களா?" என்று கத்தினேன்.

"ஐயோ, மன்னிச்சிருங்க அக்கா, சத்தியமா பாக்கல," என்றார் அவர். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று. வந்தவர் என் தோளை, கையை, முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க."

அவர் எழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, ஜெயித்துவிட்டேனே! சொன்ன சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை.

"சரி, நானும் செஞ்சுட்டேன். கொண்டாங்க உங்க கைக்குட்டைய, மாட்டித் தரேன்."

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "கீழ நின்னு பாத்தா இப்படியா இருக்கும்?" என்றார்.

"மேலேருந்து பாத்தாலும் இப்படித்தாங்க இருக்கும். ஒவ்வொரு தடவையும் பாக்கறேன்ல."

கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். பிறகு, "உன் கூடாரம் என்ன அளவு?" என்றார்.

"எதுக்கு?"

"எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்."

"நீங்க என்னைவிடக் கனம். அதைவிடப் பெருசு போட்டாத்தான் என் வேகத்துக்கு வருவீங்க."

"அப்ப எனக்கு மண்டபமா?"

நான் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையை மறுநாளே மடித்துப் பார்சலில் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

இப்போதெல்லாம் மண்டபமும் கூடாரமும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கி வருகின்றன. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்கிறோம், டீ ஆறிப்போய்விடுகிறது, அதற்கு அவரிடமிருந்து ஒரு முனகல். ஆனால் தரை நெருங்கும்போது அவர் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டு, காற்றில் எனக்குக் கேட்கும்படி கத்துகிறார்.

"நீ முன்னாடி இறங்கும்மா. நான் பாத்துக்கிட்டே வரேன்."