தச்சர் ஜன்னலுக்கு வெளியே இருந்த வருடம்

நாற்காலி செய்யும் தச்சர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தரையை விட்டுக் கிளம்பினார். வாயில் நுரை இருந்ததால் மனைவியைக் கூப்பிட முடியவில்லை. கடையில் விற்காத நாற்காலிகள் முந்தின வாரமே உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டடை அடிக்க இடைஞ்சல் என்பதைத் தவிர யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விஷயம் இதுதான்: கெட்ட காலம் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். ஊரே கையை இறுக்கிக்கொண்டது. தச்சரின் மனைவியும் பொறுப்பாக, "முடிதானே, அடுத்த மாசம் வெட்டிக்கலாம், எங்க ஓடிடப் போகுது" என்று கணவரைத் தடுத்துவிட்டாள். எல்லா வீட்டிலும் இதே பேச்சு. ஆள் வராத முடிதிருத்துபவர், தச்சரிடம் சொல்லிவைத்திருந்த புது நாற்காலியை வேண்டாமென்றார். இவ்வளவு மரியாதையாக அழைத்தபின் கெட்ட காலம் வராமல் இருக்குமா? வந்தது.

யாருக்கும் வேண்டாத பொருள் எடை இழக்கும், யாருக்கும் வேண்டாத வேலையைச் செய்பவரும் அப்படியே என்பது சில மாதங்களில் ஊருக்குப் பழகிவிட்டது. தலைநகரிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்து அண்ணாந்து பார்த்தார். விலையைக் குறைத்தால் நாளடைவில் எல்லாம் தானாக இறங்கிவிடும் என்றார். நாளடைவில் என்றால் எப்போது என்று கேட்டதற்குக் கண்ணாடியைத் துடைத்தார். விலை குறைந்தது, இன்னும் குறையட்டும் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். தச்சர் மாடி ஜன்னல் உயரத்துக்குப் போனார். மனைவி துணி காயப்போடும் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தாள். சாப்பாடு வாளியில் போனது. ஒவ்வொரு காற்றுக்கும் கயிற்றில் ஒரு புரி அறுந்தது. புதிது வாங்க வழியில்லை. ஊரே பழைய கயிற்றில் சமாளித்துக்கொண்டதால் கயிற்றுக்கடைக்காரர் எப்போதோ சரக்கோடு மேகத்துக்குள் போயிருந்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. அவரில்லாத வீட்டை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"மேலேருந்து பாத்தா தெளிவா தெரியுது," என்றார் தச்சர். "நீ என் முடிவெட்ட நிறுத்தின. முடிவெட்டுறவன் என் நாற்காலிய நிறுத்திட்டான்."

"அப்ப நாந்தான் உங்கள ஏத்திவிட்டேனா?"

"நீ மட்டும் இல்ல. ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல புத்திசாலி ஆயிட்டாங்க."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு துணி உலர்த்தும் கம்பால் எட்டி, அவரைப் போலவே மிதந்து விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்த முடிதிருத்துபவரைக் கணவர் பக்கம் இழுத்தாள். அந்தரத்தில் முடிவெட்டு நடந்தது. முடி மட்டும் ஒழுங்காகத் தெருவில் விழுந்தது. முடிதிருத்துபவர் ஆள் உயரத்துக்கு இறங்கினார். கிடைத்த காசைக் கெட்ட காலத்துக்கென்று பத்திரப்படுத்தியதால் சாயங்காலமே திரும்ப ஏறிவிட்டார். ஒரு வீடு ஆசைப்பட்டு ஓர் ஊரை இறக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

விடிவு அரசாங்கத்தால் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேண்டுமென்று செய்யவில்லை. நகரசபைக் கூட்டத்தில் தலைவர் முதல் நிபுணர் வரை எல்லோரும் மிதந்துபோய் மின்விசிறியில் தலையை இடித்துக்கொண்டார்கள். உடனே, இடுப்புப் பட்டை வைத்த கனமான நாற்காலிகள் மண்டபம் நிறைய வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. கடைசிப் புரியும் அறுந்து, தச்சரின் மனைவி கயிற்று நுனியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நகரசபைச் சேவகர் தெருவில் நின்று அந்த உத்தரவை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் தச்சர் பூந்தொட்டிமேல் விழுந்தார். அவர் மரம் வாங்கினார், மரக்கடைக்காரர் இறங்கினார். இருவரும் முடிவெட்டிக்கொள்ளப் போனார்கள். முடிதிருத்துபவர் இறங்கிவந்து முன்பு வேண்டாமென்ற நாற்காலியைக் கேட்டார். நிபுணர் புது நாற்காலியில் பட்டை மாட்டிக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார்: வீடுகள், கடைகள், அரசாங்கம், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இங்கே வாங்க முன்வருவதன் கூட்டுத்தொகைக்கு ஒட்டுமொத்தத் தேவை என்று பெயர், மனிதர்களைத் தரையில் நிறுத்துவது அதுதான். இதைத் தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாகவும் சேர்த்துக்கொண்டார்.

தச்சரின் கால் மட்டும் அதன்பின் முழுதாகத் தரையில் படவில்லை. சின்ன இடைவெளி தங்கிவிட்டது. சிக்கனமாக இருங்கள் என்று வானொலி சொல்லும்போதெல்லாம் மனைவி முதலில் அவர் காலைப் பார்க்கிறாள், பிறகு முடிவெட்டிக்கொள்ளக் காசு கொடுக்கிறாள். மற்ற நாட்களில் அவரை நகரச் சொல்லாமலே பாதத்துக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கிவிட்டுப் போகிறாள்.