க்ரூபர் பீப்பாயில் புதினா வாசம்

ரைனால்டோ க்ரூபர் தான் காய்ச்சிய பீரைக் கிளாஸில் பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், அப்படியே நிறுத்தினார். முதலில் கிளாஸைச் சந்தேகப்பட்டார். கழுவி மறுபடி பிடித்தார். அதே வாசம். துடைத்த துணியைச் சந்தேகப்பட்டார். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்த படிகக் கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அதில் பிடித்தார். படிகக் கோப்பையில் வாசம் இன்னும் தெளிவாக வந்தது.

புதினா. அதுவும் காய்கறிக் கடையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிற சாதுப் புதினா இல்லை. கோர்தோபா மலைகளில் பாறை இடுக்கில் முளைக்கும் பெப்பெரினா. மூக்குக்குள் நுழைந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும் மலைப்புதினா.

தன் பீரில் இப்படி ஒரு வாசம் வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் அந்த ஊரிலேயே உண்டு. க்ரூபர் அந்தக் கூட்டத்தில் இல்லை. வில்லா சௌசே ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தின் தலைவர் அவர். சனிக்கிழமை சங்கத்தின் ருசிப்புக் கூட்டம். அதில் தேறுகிற பீர்தான் அக்டோபர் திருவிழாவின் முதல் பீப்பாய். மேயர் மரச் சுத்தியலால் குழாயை அடித்து இறக்குவார், நுரை முன்வரிசைக்காரர்களின் முகத்தில் தெறிக்கும், பேண்டு வாத்தியம் முழங்கும், ஒலிபெருக்கியில் பீர்க்காரரின் பெயர் மலை வரை போய்த் திரும்பிவரும். க்ரூபர் தலைவரான நாளிலிருந்து அந்தப் பெயர் க்ரூபர்தான். மலைக்கே அது மனப்பாடம்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. அதை எழுதியவரும் அவரே. தண்ணீர், மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட். ஐந்தாவதாக ஒரு தூசி விழுந்தாலும் பீப்பாய் வெளியே. போன வருஷம் பல் டாக்டர் தெல்மா கிரோகா மலைப்புதினா போட்ட பீரைக் கொண்டுவந்தபோது, க்ரூபர் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "டாக்டரம்மா, இதைக் குடிக்கணுமா, கொப்பளிச்சுத் துப்பணுமா?" என்று கேட்டு முழுச் சபையையும் சிரிக்கவைத்தார். தெல்மா சிரிக்கவில்லை. க்ரூபரின் பல்வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தன் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்.

அதே புதினா இப்போது க்ரூபருடைய பீரில். தானாக வந்திருக்குமா என்ன?

க்ரூபர் மருந்துக்கடைக்காரர். ஆகவே விஞ்ஞான முறைப்படி, கையுறை மாட்டிக்கொண்டு பீர் காய்ச்சும் ஷெட்டை ஆராய்ந்தார். மூலையில் பழைய குளிர்சாதனப் பெட்டி. அதற்குள் பீர் நொதிக்கும் எஃகுத் தொட்டி. தொட்டியின் மூடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, பெரிய ஊறுகாய் ஜாடியில் நிற்கும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். உள்ளே உண்டாகிற வாயு தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. ஜாடியில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது ஜாடி காலி.

க்ரூபரின் தலைக்குள் வழக்கு முடிந்துவிட்டது. எவரோ வந்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து புதினாவைப் போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் ஜாடியைக் கவிழ்த்து, பிறகு நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். தரை காய்ந்திருந்தது. துடைத்திருக்கிறார்கள், எத்தனை தந்திரம்! பூட்டு உடையவில்லை. ஆக, சாவி வீட்டுக்குள்ளிருந்தே போயிருக்கிறது.

சமையலறையில் அவர் மனைவி மிர்த்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டுக்குள்ள யார் வந்தா?"

"எப்ப?"

"நான் கடையில இருக்கிறப்ப."

"தெல்மா வந்தா. உன்கிட்ட வாங்கிட்டுப் போன பாட்டில் மூடி அடிக்கிற மிஷினைக் கொண்டாந்தா. சாவியக் குடுத்தேன், உள்ள வச்சிட்டுப் போனா."

"தனியாவா போனா?"

"இல்ல, போலீஸ் பாதுகாப்போட போனா."

"கையில பை இருந்துச்சா?"

"பல் டாக்டர், கிழவா. பை இல்லாம எங்க போவா?" மிர்த்தா கத்தியை நிறுத்தி அவர் கையைப் பார்த்தாள். "ஆமா, எதுக்கு இந்தக் கையுறை? யாரையாவது கொன்னுட்டியா?"

க்ரூபர் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். மிர்த்தாவும் தெல்மாவும் மாதாகோவில் பாடற்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாதிரியார் பேசிக்கொண்டே இருப்பார்; அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் என்னதான் திட்டம் தீட்ட முடியாது? வெங்காயத்தால்தான் அவள் கண் கலங்கியிருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மறுநாள் காலையில் க்ரூபருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. வலி எப்போது வரவேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருந்தார்.

குற்றவாளியை அவள் இடத்திலேயே வைத்து விசாரிப்பது நல்ல யோசனைதான். விசாரிப்பவர் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கவேண்டும் என்பதை மட்டும் க்ரூபர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"அடடே, தலைவரே! வாங்க வாங்க. எந்தப் பல்லு?"

"பின்னால. இந்தப் பக்கம். டாக்டரம்மா, நீங்க போன வாரம் எங்க ஷெட்டுக்கு…"

"வாயத் திறங்க."

"ஆ… ஷெஷ்ஷுக்கு…"

"இன்னும் பெருசா. கூட்டத்துல திறக்கிற மாதிரி."

தெல்மா கண்ணாடியை நுழைத்தார். குனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி குனிந்து மோந்து பார்த்தார்.

"பெப்பெரினா."

க்ரூபர் நாற்காலியிலேயே விறைத்தார். என்ன நெஞ்சழுத்தம்! செய்ததையும் செய்துவிட்டு முகத்துக்கு நேரே பெயரையும் சொல்கிறாளே!

"வாயெல்லாம் பெப்பெரினா வாசம் அடிக்குது தலைவரே. காலங்காத்தால என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கல."

"ஒண்ணும் குடிக்காத வாயா இது?" தெல்மாவின் கண் சுருங்கியது. "பீரா?"

"நான் ஏன் அதப் போட்டு பீர் காய்ச்சப் போறேன்?"

"காய்ச்சினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் கொறகொறவென்று பேசிக்கொண்டிருந்தது.

"பல்லுல ஒண்ணும் இல்ல," என்றார் தெல்மா. "வேற எங்கயோதான் வலி. கிளம்புங்க."

இனிமேல் சந்தேகமே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் க்ரூபர். ஷெட்டுக்குப் போய், சனிக்கிழமை நிகழ்த்தவேண்டிய குற்றச்சாட்டுரையை உரக்கப் பழகத் தொடங்கினார். கேட்பதற்கு மால்ட் மூட்டைகள் இருந்தன.

"சபையோரே! நமது சங்கத்தின் தூய்மையின் மீது ஒரு கரிய கை படிந்திருக்கிறது!"

கரிய கை என்பது பல் டாக்டருக்குப் பொருந்தவில்லை. "வெள்ளை உறை போட்ட ஒரு கை" என்று திருத்தினார். தொண்டை வறண்டது. மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, அந்த ஊர்த் தேநீரான மாத்தேயை ஒரு வாய் உறிஞ்சினார். அடுத்து, சாட்சியப் பொருளான பீரில் ஒரு மடக்கு குடித்து, அருவருப்பை முகத்தில் காட்டிப் பழகினார். மறுபடி மாத்தே. மறுபடி பீர். "இந்த நாற்றம்! மலைச்சரிவில் ஆடு மேய்கிற இந்த…"

நிறுத்தினார். கையில் இருந்தது பீர் இல்லை, மாத்தே. பீரைக் குடித்ததாக நினைத்து அருவருப்பு காட்டியது மாத்தேவுக்கு.

நெஞ்செரிச்சலுக்கு நல்லதென்று அவர் வருஷக்கணக்காக ஃபிளாஸ்க் வெந்நீரிலேயே ஒரு பிடி பெப்பெரினா போட்டுவைப்பவர். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். தினமும் வாயில் இருப்பதால் அந்த வாசம் அவருக்கு வாசமாகவே தோன்றுவதில்லை. வெந்நீர் என்றாலே அவருக்கு இந்த ருசிதான்.

க்ரூபர் மெல்லத் திரும்பி ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார்.

தொட்டியில் பீர் பொங்கிய வாரம் ஜாடித் தண்ணீர் நுரையேறி அழுக்காகிவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினார். குழாய்த் தண்ணீரையா? கிருமி இருக்குமே! கொதித்து ஆறிய தண்ணீர்தான் க்ரூபருக்கு வேண்டும். கைக்கெட்டின தூரத்தில், முதல்நாள் மாத்தே குடித்து மீந்த ஃபிளாஸ்க் இருந்தது, அதையே ஊற்றினார். பிறகு, பீர் தெளியட்டும் என்று பெட்டியின் குளிரைக் கூட்டினார். குளிர்ந்தால் தொட்டிக்குள்ளே வாயு சுருங்கும், சுருங்கினால் குழாய் வழியே ஜாடியில் உள்ளதைத் தொட்டி உறிஞ்சிக் குடித்துவிடும். குளிரைக் கூட்டுமுன் குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். புது உறுப்பினர்களுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு இதைச் சொல்லிக்கொடுப்பவர் க்ரூபரேதான். "அடிமுட்டாளும் இதைச் செய்யமாட்டான்" என்று படத்தின் கீழே எழுதிக் கோடு போடுவது வழக்கம்.

அவர் மால்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். குற்றவாளி அகப்பட்டதில் எந்த நிம்மதியும் இல்லை.

பீப்பாயை வாபஸ் வாங்கிவிடலாம். ஆனால் தலைவர் ஏன் வாபஸ் வாங்கினார் என்று கேட்பார்களே. யோசிக்க யோசிக்க, தெற்கே ரியோ நெக்ரோவில் விளையும் சில ஹாப்ஸில் லேசான புதினா வாசம் உண்டு என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. எங்கே என்பது நினைவுக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. சனிக்கிழமை பீப்பாயைக் காரில் ஏற்றினார்.

கூட்டத்தில் கிளாஸ்களுக்கு எண் மட்டும்தான். யாருடையது என்று தெரியாது. சங்கத்தின் செயலாளர் நெஸ்டர் பாஸ், மனை விற்பவர், சதுப்பு நிலத்தையே ஏரிக்கரை மனை என்று விற்ற நாக்கு அவருக்கு. க்ரூபரின் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தார், சுழற்றினார், கண்ணை மூடினார்.

"தெற்கு. சுத்தமான தெற்கு ஹாப்ஸ். பனி உருகுற ஆத்தங்கரையில காலையில நடக்கிற மாதிரி இருக்கு."

சபை ஆமோதித்தது. ஒருவருக்குப் பைன் மரம் தெரிந்தது. இன்னொருவருக்கு ஈரக் கருங்கல் தெரிந்தது. புதினா யாருக்கும் தெரியவில்லை. முதல் ஆளாகச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அந்த கிளாஸ் முதலிடம் பெற்றது. நெஸ்டர் பெயரை வாசித்தார்: "தலைவர் க்ரூபர்!" கைதட்டல் எழுந்தது. கூடவே தெல்மாவும் எழுந்தார்.

"தலைவரே, இது எந்த ஹாப்ஸ்?"

"தெற்கு…"

"பேரு?"

க்ரூபர் தண்ணீர் குடித்தார்.

"இது பெப்பெரினா. செவ்வாய்க்கிழமை இவரு வாயில அடிச்ச அதே வாசம். போன வருஷம் என் பீரைக் கொப்பளிக்கச் சொன்னாரு. இந்த வருஷம் அதையே திருடிக் காய்ச்சி, ஹாப்ஸுன்னு சொல்லி முதல் பரிசு வாங்குறாரு!"

எல்லாக் கண்களும் க்ரூபர் மீது. அவர் முன்னால் இரண்டே வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால் திருடன். திறந்தால், கரும்பலகையில் கோடு போட்ட அந்த அடிமுட்டாள். க்ரூபர் குடும்பத்தில் இதுவரை திருடன் என்று யாரும் பெயர் எடுத்ததில்லை. முட்டாள்கள் உண்டு, ஆனால் வெளியே தெரிந்ததில்லை.

"நான் எதையும் திருடல," என்றார். "ஃபிளாஸ்க் தண்ணி. மாத்தே வச்சிருந்த தண்ணியை ஜாடியில ஊத்திட்டேன். குழாயைத் தூக்க மறந்துட்டேன். தொட்டி உறிஞ்சிருச்சு."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "யாருகிட்ட தலைவரே கதை விடறீங்க? குழாயைத் தூக்கச் சொல்லி எங்களுக்குப் பாடம் நடத்தினதே நீங்கதான!"

"நிஜமாத்தான்யா."

"சரி, சரி. செய்முறையச் சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. அதுக்காக இப்படியா?"

சொல்லச் சொல்ல நம்பாதவர்கள் கூடினார்கள். ஐந்தாவது பொருள் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதால், நெஸ்டர் விதியை வாசித்துப் பீப்பாயை வெளியே தள்ளினார். இரண்டாமிடத்து கிளாஸ் முதலிடத்துக்கு வந்தது. அது தெல்மாவினுடையது. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். குறை சொல்ல ஒரு நூலிழை இல்லாத தங்க நிற பீர். ஒரு வருஷம் முழுக்க க்ரூபரின் விதிக்காகவே உழைத்திருந்தார் அந்த அம்மாள்.

கைகுலுக்க வந்த க்ரூபரின் காதருகே தெல்மா குனிந்தார்.

"நான் நம்புறேன் தலைவரே. திருடிட்டீங்கன்னு நெனச்சது என் தப்பு. திருடுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்ல?"

வெளியே, பீப்பாயைக் காரில் ஏற்ற நெஸ்டர் கை கொடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு போட்டீங்க? எப்பப் போட்டீங்க, கொதிக்கிறப்பவா, ஆறினப்புறமா? கழுத்தை அறுத்தாலும் வெளிய விடமாட்டேன்."

"ஃபிளாஸ்க் தண்ணி, நெஸ்டர்."

"ஆமாமா," என்று நெஸ்டர் கண்ணடித்தார். "ஃபிளாஸ்க் தண்ணி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை க்ரூபர் ஓடைக்கரை வழியாக மலைப்பக்கம் நடக்கப் போனார். மனசு சரியில்லாமல்தான் போனார். பாதி வழியில் பின்னால் சரளைக்கல் நெரிபடும் ஓசை கேட்டது. நின்றார், ஓசையும் நின்றது. பாறை ஒன்றுக்கு மேலே நெஸ்டரின் தொப்பி தெரிந்தது. பக்கத்துப் புதரில் இன்னும் இரண்டு தொப்பிகள்.

க்ரூபரின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஓடையோரம் குனிந்தார், எதற்கும் உதவாத ஒரு முட்செடியின் இலையைப் பறித்தார், மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார், சற்று யோசிப்பவர்போலத் தலையாட்டினார். பிறகு அதைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த முட்செடியைத் தேடி மெதுவாக மேலே ஏறினார்.